வெறுங்கையில் போட்ட முழம்

திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு பாசஞ்சர் கிளம்பியது. டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது பைசா. அது எனக்கு. என்னோடு வந்த இரண்டு சன்னல்களுக்குத் தனியாக இரண்டரை ரூபாய் என்று லக்கேஜ் குமாஸ்தா சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சன்னல் இன்னா சார் எடத்த அடைக்கப் போவுது? நடுவுல வெறும் ஓட்டதான?" என்றேன்.

"ஓட்டைக்கு சார்ஜ் இல்லப்பா. சுத்தி இருக்கற கட்டைக்குத்தான்" என்றார் அவர். வாயை மூடிக்கொண்டு கட்டினேன்.

எழுபத்து நாலாம் வருஷம், புரட்டாசிக் கடைசி. வானம் இன்றைக்கோ நாளைக்கோ என்று மிரட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பெரம்பூரில் சின்ன மரப்பட்டறை. மழைக்குத் தாங்குகிற சன்னல் செய்கிறவன் என்று நாலு தெருவுக்குப் பெயர் உண்டு. அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். என் சன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கும். இரண்டு கதவும் சேருமிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று விரல்கடை அளவு ஏறி உட்காரும். கீழ்ச்சட்டம் வெளியே பார்த்துச் சரிந்திருக்கும், அதன் அடியில் நீளமாக ஒரு காடி, அதாவது விரல் அகலப் பள்ளம், எடுத்திருப்பேன். வழிந்து வருகிற தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே ஊர முடியாமல் மண்ணில் சொட்டிவிடும். செங்கல் கட்டடத்தில் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறேன். மண்சுவர் வீட்டில் வைக்கப் போவது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் கரீம் பாய். மாமல்லபுரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடை ரிப்பேர் கடை. குடைக் கம்பி வாங்கப் பட்டணம் வந்தவர் என் பட்டறையில் சன்னலைப் பார்த்து மயங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் போய்க் கார்டு எழுதினார். "சன்னல் இரண்டு. உயரம் மூன்று முழம், அகலம் இரண்டு முழம். நோன்புப் பெருநாளைக்கு முன்னால் வைத்தாக வேண்டும். என் குடும்பமே இதில்தான் இருக்கிறது." கடைசி வரியைப் படித்துவிட்டு, மனுஷர் நாடகத்தில் நடித்தவர் போல என்று நினைத்துக்கொண்டேன். முழத்துக்குப் பதினெட்டு அங்குலம். ஐம்பத்து நாலுக்கு முப்பத்தாறு. வேலையை முடித்தேன்.

சன்னலில் மேல்பாதி கண்ணாடி என்பதால் கையோடு வைத்துக்கொண்டு வண்டி வாசலோரம் நின்றேன். தாம்பரம் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. கூடுவாஞ்சேரியில் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஓர் அம்மாள் ஏறினாள். சன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, வூட்ட வுட்டுட்டு சன்னல மட்டும் எத்துகினு போற? பொண்டாட்டியாண்ட சண்டையா?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நாலு பிஞ்சு வாங்கிக் கடித்தேன். பொத்தேரியில் இரண்டு நிமிடம், சிங்கப்பெருமாள் கோயிலில் நாலு நிமிடம். அப்புறம் கொளவாய் ஏரி வந்தது பாருங்கள், அடடா! தண்டவாளத்தை நக்குகிற மாதிரி தண்ணீர். என் சன்னல் கண்ணாடியில் ஏரி முழுக்கத் தெரிந்தது. இரண்டரை ரூபாய் அந்த இடத்திலேயே செரித்துவிட்டது.

காலை 7.50. செங்கல்பட்டு. பிளாட்பாரத்தில் கரீம் பாய் காத்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கை முழங்காலைத் தொடும். கக்கத்தில் குடை. ஆளைப் பட்டறையில் பார்த்தபோது உட்கார்ந்திருந்தார், உயரம் என் மனசில் பதியவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று மத்தியானம்தான் தெரிந்தது.

"மேஸ்திரி, பஸ்சுக்கு முன்னாடி ஒரு எட்டு என் சம்சாரம் வூட்டுக்குப் போய்ட்டு வந்துரலாம். அதும் பாக்கட்டும்" என்றார்.

"சம்சாரம் இங்கயா கீது?"

"அத்த ஏன் கேக்கற? போன கார்த்திகலேர்ந்து இங்கதான்."

ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. நடந்துகொண்டே கதையைச் சொன்னார். அவர் மனைவி ஜைத்தூன் தையல்காரி. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி சாரல் சன்னல் ஓட்டை வழியாக அடித்து, சுவர் கரைந்து, தைத்து மடித்து வைத்திருந்த பதினோரு பேர் ரவிக்கையிலும் செம்மண் இறங்கிவிட்டது. பதினோரு பொம்பளைகளும் வாசலில் வந்து நின்றார்கள். ஜைத்தூன் தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மிஷின் நனையாத இடம்தான் தன் இடம் என்று சொல்லி அனுப்பினார். பாய் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து பஸ் ஏறி வருவார். சோறு போடுவார்களாம். சாயங்கால பஸ்சுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"ஊரு ஒலகத்துக்கே குட ரிப்பேர் பண்ற. ஒன் வூட்டுல மழ! வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜைத்தூன் வாசலோர வெளிச்சத்தில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பெருநாளைக்கு ஒரு சின்னப் பெண்ணின் பாவாடை. உயரம் பத்தாமல் போனதால் கீழே வேறு துணியில் ஒரு சாண் பட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். தான் நோன்பு என்றாலும் எனக்கு உடனே டீ வரவழைத்தார். புருஷன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் இல்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"அண்ணே, புதங்கெழம சாய்ங்காலம் மிஷினோட வர்றேன்னு அவராண்ட சொல்லுங்க. நானே தண்ணி ஊத்திப் பாப்பேன். ஒரு சொட்டு உள்ள வந்துச்சுன்னா, வந்த வண்டியிலயே திரும்பிடுவேன்னும் சொல்லுங்க."

இரண்டு அடி தள்ளி நின்ற பாய் "சரின்னு சொல்லு மேஸ்திரி" என்றார்.

அப்புறம் அந்தப் பெண் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சன்னலை நீளமும் அகலமும் அளந்தார். புருஷன் கையை ஒரு பார்வை பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சன்னல் பிடித்துப்போன சந்தோஷம் என்று நினைத்து நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

காலை 9.30. மாமல்லபுரம் பஸ். பதினெட்டு மைல், திருக்கழுக்குன்றம் வழி, டிக்கெட் ஒரு ரூபாய் பத்து பைசா. சன்னல்கள் பஸ் கூரைமேல், நான் நடு சீட்டில் இரண்டு கோழிக்கூடைக்கு மத்தியில். இரண்டு சன்னலுக்குச் சொந்தக்காரன், எனக்குச் சன்னலோர இடம் கிடைக்கவில்லை! திருக்கழுக்குன்றத்தில் பஸ் கால்மணி நேரம் நின்றது. மலையையும் குளத்தையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து வயலும் ஏரியும் பனையுமாக ஓடி, திடீரென்று காற்றில் உப்பு வந்தது.

மாமல்லபுரத்தில் இறங்கினால் காதில் முதலில் விழுவது உளிச்சத்தம்தான். எங்கே பார்த்தாலும் கல். கல்லில் யானை, கல்லில் ரதம், ரோட்டோரம் பாதி செதுக்கிய கல் பிள்ளையார். அத்தனை கல்லையும் தாண்டி, ஐந்து ரதத்துக்குத் தெற்கே ஒரு மைல் மாட்டுவண்டியில் போனால் பாய் வீடு. சுவர் முழுக்க மண்.

ஆனால் மண் என்று இளக்காரமாகச் சொல்லக் கூடாது என்று உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. ஒன்றரை அடி கனம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி போட்ட சுவர். ஐம்பது வயசு, சிரிக்காமல் கிண்டல் பண்ணுகிறவர். அவரும் வந்து நின்றார்.

முதல் சன்னலைத் தூக்கி ஓட்டையில் வைத்தோம். வைத்தோம் என்றா சொன்னேன்? அது நேராக உள்ளே போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிடித்திருந்த நானும் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே.

"இன்னா மேஸ்திரி, சன்னல் வெச்சீங்களா, நீங்க குடிவந்தீங்களா?" என்றார் முனுசாமி.

மடக்கு அடிக்கோலை விரித்து அளந்தேன். ஓட்டை அறுபத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு. உயரத்தில் ஒன்பது அங்குலம், அகலத்தில் ஆறு அங்குலம் துண்டு விழுகிறது.

"யோவ் பாய்! மூணு மொழம்னுதான எழுதன?"

"மூணு மொழந்தான். தோ பாரு." முழங்கையைச் சுவரில் வைத்து நடுவிரல் நுனிவரைக்கும் நீட்டினார். அதன்மேல் அடிக்கோலை வைத்தேன். இருபத்தோரு அங்குலம்! என் முழம் பதினெட்டு. முனுசாமி முழம் பதினெட்டரை.

"வூட்டுல டேப்பு இல்லியா?"

"டேப்பு மிஷினோட செங்கல்பட்டுக்குப் பூட்ச்சி. கைதான் கீது."

வெறுங்கையில் முழம் போடுகிறான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அதை நிஜமாகவே செய்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்டபடி கத்தினேன். சாண் ஏறினால் முழம் சறுக்குது என்பார்கள், எனக்கு முழமே சறுக்குகிறதே என்று புலம்பினேன். பாய் நோன்பு வாயோடு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அது இந்த வாட்டியும் திரும்பிப் போயிடும் மேஸ்திரி" என்றார். கண் கலங்கியிருந்தது.

இடைவெளியை மண்ணால் அடைத்துவிடலாமா என்று முனுசாமியைக் கேட்டேன். "அடைக்கலாம். பத்து நாளு காயணும். நடுவுல மழ வந்தா கஞ்சியாப் பூடும். காஞ்சாலும் கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவுல வெரல் போற மாதிரி வெடிக்கும்" என்றார். கையில் இருந்தது இரண்டே நாள்.

வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பீடியை எடுத்தேன், நோன்பு வீட்டு வாசல் என்று திரும்ப வைத்தேன். அப்போதுதான் அந்தச் சின்னப் பெண்ணின் பாவாடை ஞாபகம் வந்தது. துணி பத்தவில்லை என்றால் ஜைத்தூன் என்ன செய்தார்? பாவாடையைத் தூக்கி எறிந்தாரா? பட்டி கொடுத்தார்!

"முனுசாமி! ஒங்க மாட்டுக் கொட்டகையாண்ட பனங்கை கெடக்குதே, அது எதுக்கு?"

பிளந்து காயவைத்த பனைமரச் சட்டங்கள் அவை. கொட்டகைக் கூரைக்காக வைத்திருந்தார். கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"எத்துக்க. தீவாளிக்கு ரவிக்க தைக்க ஆளில்லன்னு என் பொண்டாட்டி ஒரு வருசமா என்னத்தான் திட்டிகினு கீது. அந்தப் பொண்ணு வந்தா எனக்குந்தான் நிம்மதி."

செவ்வாய்க்கிழமை முழுக்க வேலை. பனைமரம் இரும்பு மாதிரி. என் ரம்பம் இரண்டு தடவை பல் மழுங்கியது. இரண்டு ஓட்டைக்குள்ளும் சுவர்க் கனம் முழுவதற்கும் பனஞ்சட்டத்தால் ஒவ்வொரு பெட்டி அடித்தோம். பக்கத்துக்கு மூன்று அங்குலம், மேலும் கீழும் நாலரை. கீழ்க்கட்டையை வெளியே பார்த்துச் சரித்து இழைத்தேன், அடியில் காடி எடுத்தேன். மண்சுவரில் இரும்பு நிற்காது என்பதால் பனை ஆப்புகளை நீளமாக இறக்கினோம். அந்தப் பெட்டிக்குள் என் சன்னல் உறைக்குள் தலையணை மாதிரி உட்கார்ந்தது.

செய்யச் செய்யத்தான் எனக்கே புரிந்தது. பாய் சரியாக அளந்து, நானும் சரியாகச் செய்திருந்தால், சன்னல் நேராக மண்ணைத் தொட்டிருக்கும். ஓட்டையின் மண் விளிம்புதான் முதலில் கரைகிற இடம். இப்போது விளிம்பு பூராவும் மரத்துக்குள் போய்விட்டது. தப்பு நடந்ததால் வேலை நன்றாக அமைந்தது. இதைப் பாயிடம் அப்போது சொல்லவில்லை, ஏற்கெனவே திட்டியது வீணாகிவிடும்.

கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் நூலளவு சந்து மட்டும் பாக்கி. "அத்த என்னாண்ட வுடு" என்று பாய் கடைக்கு ஓடினார். பழைய குடைத்துணி ஒரு மூட்டை கொண்டுவந்தார். கறுப்புத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, மெழுகு தேய்த்து, சந்தில் திணித்துக் கொடுத்தார். கதவு சேருமிடத்திலும் ஒரு நாடா வைத்து ஆணி அடித்தோம். நீளக் கையால் மேலே எட்டி அவர் அடித்த அழகைப் பார்த்து, அந்தக் கைக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மத்தியானம் முனுசாமி வீட்டில் எனக்குச் சோறும் நெத்திலிக் குழம்பும். சாயங்காலம் பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக்கஞ்சியை மூன்று பேரும் பிரித்துக் குடித்தோம். பாய் முதல் வாய் குடிக்கிறவரை நான் டம்ளரைத் தொடவில்லை. "குடி மேஸ்திரி, நீ இன்னா நோன்பா?" என்று திட்டினார். ரம்பம் பிடித்த கைக்கு அந்தக் கஞ்சி அமிர்தமாக இருந்தது.

புதன்கிழமை மாலை 4.15. மாட்டுவண்டி வந்தது. முன்னால் ஜைத்தூன், பின்னால் சாக்கு சுற்றிய தையல் மிஷின். தெருவே கூடிவிட்டது. அந்தப் பதினோரு பேரில் பாதிப்பேராவது இருந்திருப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற கல்யாணப் பெண் மாதிரி எனக்கு இருந்தது.

ஜைத்தூன் மிஷினை இறக்கி, நேராகச் சன்னலுக்குக் கீழே போட்டார். மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். "கதவ சாத்துங்க அண்ணே. ஊத்தச் சொல்லுங்க" என்று பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முனுசாமி முதல் குடத்தை வீசினார். அடுத்து அவர் மனைவி. அப்புறம் யார் யாரோ. வாளி, குடம், சொம்பு, கையில் கிடைத்ததில் எல்லாம் அடித்தார்கள். தண்ணீர் பாதி சன்னலுக்கு, பாதி அடுத்தவர் முதுகுக்கு. ஒரே கூச்சல், சிரிப்பு. நான் உள்ளே வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை.

"ஊத்தற தண்ணி வேற, அடிக்கற மழ வேற" என்றார் ஜைத்தூன், அசையாமல்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. காலையிலிருந்து கறுத்துக்கிடந்த வானம் கடல் பக்கமிருந்து உடைத்துக்கொண்டு வந்தது. குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். சாரல் சன்னலை அறைந்தது. கண்ணாடியில் தண்ணீர் தாரையாக ஓடி, சரிந்த கட்டையில் இறங்கி, காடியில் தயங்கி, வெளியே சொட்டியது. கால்மணி நேரம். இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்தோம்.

டப்!

துணி நடுவில் ஒரு சொட்டு. எட்டணா அளவுக்குப் பழுப்பாகப் பரவியது.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். ஜைத்தூன் மெதுவாகச் சன்னலைப் பார்த்தார், காய்ந்திருந்தது. கட்டையைத் தடவினார், காய்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சொட்டு கூரைக் கீற்றிலிருந்து விழுந்திருந்தது.

ஜைத்தூன் எழுந்து, பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனை நேராகப் பார்த்தார்.

"இன்னா நிக்கறீங்க? அந்தாண்ட பக்கம் புடிங்க. மிஷின ரெண்டடி தள்ளிப் போடலாம்" என்றார். "கூர சன்னல் கணக்குல வராது. அது அடுத்த பெருநாளுக்கு."

பாய் ஒற்றைக் கையால் மிஷினைத் தூக்கிவிட்டார்! வீடே கத்திச் சிரித்தது. முனுசாமி மனைவி அங்கேயே ரவிக்கைத் துணியை எடுத்து நீட்டினாள். நான் மூலையில் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

மழை மூடியதால் பிறை தெரியவில்லை. பட்டணத்தில் பார்த்துவிட்டார்கள் என்று பள்ளிவாசலுக்குச் செய்தி வந்தது. வியாழக்கிழமை பெருநாள். தொழுகை முடித்து வந்த பாய் என்னைக் கட்டிப்பிடித்தபோது, அந்த இருபத்தோரு அங்குல முழம் என் முதுகை ஒன்றரைச் சுற்று சுற்றியது. பிரியாணி சாப்பிட்டு வேட்டியைத் தளர்த்திக்கொண்டேன். கிளம்பும்போது ஜைத்தூனைக் கேட்டேன்: "அன்னிக்கு அளந்து பாத்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சிபோச்சில்ல தங்கச்சி?"

"தெரியாம? அவரு கையி எனக்குத் தெரியாதா? அங்கயே சொல்லியிருந்தா நீங்க சன்னலோட அடுத்த ரயிலேறிப் போயிருப்பீங்க. இங்க வந்துட்டா எதுனா வழி பண்ணுவீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க வூட்டுல சன்னலு இன்னும் ஜோரா இருக்கும், இல்லண்ணே?" என்றார்.

நான் பஸ்சுக்கு நேரமாச்சு என்றேன்.

திரும்பும் வழியில் சன்னலோர இடம் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. சொல்கிறேன் என்றேனே, இதுதான். பெரம்பூரில் என் வீட்டுச் சமையலறைக்குச் சன்னல் கிடையாது. ஓட்டை உண்டு. அதில் ஆறு வருஷமாக ஒரு கோணிச்சாக்கு தொங்குகிறது. ஐப்பசி வந்தால் என் மனைவி அதைப் பிழிந்து பிழிந்து மாட்டுவாள். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று நான் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டாள். பாயைப் பார்த்து வெட்கமாக இல்லையா என்று கேட்ட வாய் இது.

இரவு ஏழரைக்கு வீடு சேர்ந்தேன். அங்கேயும் மழை. கோணியிலிருந்து தண்ணீர் அடுப்பு மேடைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பையைக் கூடக் கீழே வைக்காமல் அடிக்கோலை எடுத்தேன்.

"ஒரு முனைய புடி. அளக்கணும்" என்றேன்.

அவள் கோலைத் தொடவில்லை. சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நாப்பத்திரெண்டுக்கு முப்பது. அங்குலக் கணக்குதான், எழுதிக்கோ. ஆறு வருசமா மனப்பாடம்."